குள்ளச்சாமியின் முதுகுப்பக்கம்

அத்தியாயம் 6

மாடியிலிருந்து கொட்டிய மீன் கழுவின தண்ணீர் எழுத்தர் ஹாப்புவின் மழித்த தலையில் பாதியும், காவல் தலைவன் நக்மினின் தோளில் மீதியுமாக விழுந்தது. அவர்களுக்கு நடுவே நடந்துவந்த பூயாவின் மேல் ஒரு சொட்டு இல்லை.

"எனக்கு எப்பவும் ரெண்டு கூரை இருக்கு தலைவரே," என்றான் பூயா. "அதுல ஒண்ணு மொட்டைக் கூரை."

நக்மின் தோளில் ஒட்டியிருந்த செதிலைச் சுண்டிவிட்டு நடந்தான். அவன் சிரித்துப் பூயா பார்த்ததில்லை.

கல்லறை வெட்டுகிறவர்களின் ஊர் அது. ஒரே தெரு. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சிவப்புக் கதவுகள். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். ஆம்பளைகள் மலைக்கு அந்தப் பக்கம் அரசருக்காகப் பாறையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை, நெஞ்சு நிறையப் புழுதியோடு இருமிக்கொண்டு இறங்கி வருவார்கள். மற்ற நாளெல்லாம் தெரு பெண்களின் கையில். அந்த நாட்களில் மெட்ஜாய் என்கிற அரசக் காவல்படைக்காரன் எவனும் வேண்டுமென்று உள்ளே வரமாட்டான்.

இன்று வந்தே தீர வேண்டியிருந்தது. பழைய ராணி ஒருத்தியின் கல்லறையை எவனோ உடைத்து, அவள் பெட்டிமேல் போர்த்தியிருந்த தங்கத் தகட்டை உரித்துக்கொண்டு போய்விட்டான். பன்னிரண்டு நாள் ஆகிறது. அதற்கு முந்தின நாள்தான் பூசாரிகள் வந்து வாசல் முத்திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பதினோரு கல்தச்சர்களைக் கவிழ்த்துப் போட்டு உள்ளங்காலில் அடித்தாயிற்று. எவன் வாயிலிருந்தும் ஒரு பெயர் வரவில்லை. நாளைக்கு இந்தத் தெருவை வரிசையாகச் சோதனை போடுவதாக இருந்தது. அதற்குள் இன்று காலை ஊர்வாசலில் ஒரு கல்சில்லு கிடந்தது. அதில் கறுப்பு மையால் ஒரே வரி: நெபாம் வீட்டுக் குள்ளச்சாமிக்குப் பின்னால் பாருங்கள்.

நெபாம் கல்தச்சன். மலைக்குடிசையிலிருந்து அவனை இழுத்துவந்து அடித்தபோது அவன் சொன்னது ஒன்றுதான்.

"சாமிய ஒடைக்காதீங்க. எம் பொண்டாட்டிக்கு இது பத்தாம் மாசம்."

தெருவில் கதவுக்கு ஒருத்தியாக நின்றார்கள். மாவுக் கை, ஈரக் கை, வெங்காயக் கை. எல்லாக் கையும் இடுப்பில்.

"இன்னும் எத்தன கால ஒடைச்சாடா உங்களுக்குப் பசி அடங்கும்?"

"அந்தக் குட்டையனப் பாருங்கடி! நம்ம சாமி மூஞ்சிய வெச்சுக்கிட்டு நாய் வேல பாக்கறான்!"

பூயா நின்று திரும்பினான். முப்பது வயது. நக்மினின் இடுப்புயரம், வளைந்த கால், பரந்த முகம். வீட்டுக்கு வீடு சுவரில் நிற்கும் குள்ளச்சாமி பேஸை அப்படியே பெயர்த்து இடுப்புத்துணி கட்டிவிட்டது மாதிரி இருப்பான்.

"மூஞ்சி சாமி குடுத்தது அக்கா. வேல மந்திரி குடுத்தாரு. ரெண்டையும் நான் கேட்டு வாங்கல," என்றான்.

பதிலாக ஒரு வெங்காயத் தோல் வந்தது.

*

நெபாம் வீட்டு முன்னறையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் மேடை. அதையொட்டிய சுவரில், பூச்சுமேல் மையால் எழுதிய பேஸ் நின்றார். சிங்கப் பிடரி, வெளியே தள்ளிய நாக்கு, இரண்டு முஷ்டியிலும் நெளிகிற பாம்பு. பெரிய கோயில் சாமிகள் எல்லாரும் பக்கவாட்டில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஒருவர்தான் வீட்டுக்காரியை நேருக்கு நேர் பார்ப்பவர்.

இந்த பேஸுக்கு ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது.

அவருக்கு முதுகைக் கொடுத்து, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, மேடைமேல் தகாத் உட்கார்ந்திருந்தாள். நெபாமின் மனைவி. கையில் மீன் அறுக்கும் கத்தி. பக்கத்தில் அடுத்த வீட்டுக்காரி ஹெநுத். அந்தத் தெருவில் பிறக்கிற எல்லாப் பிள்ளைகளையும் கையில் வாங்குகிறவள். ஆண்பிள்ளை மாதிரி தோள்.

"எழுந்திரு," என்றார் ஹாப்பு. அவருக்குப் பின்னால் சம்மட்டியோடு இரண்டு பேர்.

"மொதல்ல என் வயித்துல போடு. அப்புறமா சுவத்துல போடு," என்றாள் தகாத்.

"மந்திரியோட உத்தரவு."

"மந்திரிதான் வந்து எனக்குப் பிரசவம் பாக்கப் போறாரா?" என்றாள் ஹெநுத். "மீன் நாத்தம் அடிக்குது, தள்ளி நில்லுய்யா."

நக்மின் தன் கைத்தடியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, தகாத்தின் முன்னால் தரையில் குந்தினான்.

"இத யாரும்மா எழுதினது?"

"எங்க வீட்டுக்காரர்." அவள் கத்தியை இறக்கவில்லை. "ரெண்டு புள்ளையப் பெத்தேன். ரெண்டையும் ஒரு மாசங்கூட வெச்சுக்கல. அப்ப இந்தச் சுவரு வெறுஞ்சுவரு. ரெண்டாவத பொதைச்சிட்டு வந்த அன்னிக்கு அவரே மைய கரைச்சு எழுதினாரு. உளி புடிக்கிற கை, கோணலாத்தான் வரும். மூணு வருஷம் ஆச்சு. இப்ப புள்ள எறங்கற நேரத்துல ஒடைக்கணும்ங்கறீங்க."

"கிட்ட வந்து பாக்கறேன். தொடல."

"கண்ணால பாரு. கை பட்டா கை போயிரும்."

நக்மின் பார்த்தான். தலையிலிருந்து கால்வரை, மூச்சு சுவரில் படுகிற தூரத்தில். பிறகு கேட்டான், "பூயா மட்டும் லேசா தட்டிப் பாக்கட்டுமா?"

தகாத் பூயாவை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் தடுமாறியது.

"அவன் தட்டட்டும். அவனுக்கும் இவருக்கும் ஏதோ ஒறவு இருக்கற மாதிரி இருக்கு."

"அண்ணன் தம்பி," என்றான் பூயா. "அவரு சுவத்துல நிக்கிறாரு, சோறு கெடைக்குது. நான் தெருவுல நிக்கிறேன், மீன் தண்ணி கெடைக்குது."

மேடைமேல் ஏறி விரல் மடக்கித் தட்டினான். கால், திடம். வயிறு, திடம். நெஞ்சிலிருந்து முகம்வரை தட்டியபோது வெறும் பானையைத் தட்டிய சத்தம்.

"கேட்டியா!" ஹாப்பு துள்ளினார். "உள்ள பொந்து! ஒடைங்கடா!"

தகாத்தின் முகம் வெளுத்துப்போனது. அவளுக்கும் அந்தச் சத்தம் புதிது என்பது பூயாவுக்குத் தெரிந்தது. பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு வேகமாக வெளுப்பதில்லை.

"ஒரு நிமிஷம் ஐயா," நக்மின் எழுந்தான். "சாமி வயித்துல என்னம்மா தடவறே?"

"ஆட்டுக்கொழுப்பு. தினமும் காலைல."

"மூணு வருஷத்துக் கொழுப்பு. அதுமேல வெளக்குப் புகை. அதுமேல ஈ. முகத்துலேந்து கால் வரைக்கும் ஒரே தோலா படிஞ்சு கெடக்கு, ஒரு கீறல் இல்ல. கல்லறை ஒடைஞ்சு பன்னெண்டு நாள்தான் ஆகுது. இந்தப் பக்கத்துலேந்து எவனும் இதத் தொறக்கல."

"பொந்து இருக்கு. துப்பு சரியா இருக்கு. எனக்கு அது போதும்." ஹாப்பு தலையைத் துடைத்துக்கொண்டார். "திருவிழாவுக்கு முன்னாடி மந்திரிக்கு ஒரு ஆள் வேணும். தங்கம் எந்த வீட்ல விழுதோ, அந்த வீட்டுக்காரன் கழுவேறுவான்."

"தப்பான ஆளக் கழுவேத்தினா திருடன் ஊருக்குள்ளயே இருப்பான். அடுத்த மாசம் இன்னொரு கல்லறை ஒடையும். அப்ப மந்திரி என்னக் கூப்பிட மாட்டாரு ஐயா. உங்களத்தான் கூப்பிடுவாரு."

ஹாப்பு திரும்பினார். வாசலுக்கு வெளியே மலை உச்சியைப் பார்த்தார். சூரியன் அதற்கு மேலே மூன்று விரல்கடை உயரத்தில் இருந்தது.

"அது உச்சிக்குப் பின்னாடி எறங்கற வரைக்கும். அதுக்கப்புறம் சம்மட்டி."

"அப்ப எங்க வீட்டையும் ஒடைங்க!" ஹெநுத் வெடித்தாள். "எங்க வீட்லயும் சாமி இருக்காரு. இதே சுவருதான், இவருக்கு நேர் அந்தப் பக்கம். முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு. வாங்க, அவரையும் ஒடைச்சு உங்க மந்திரி தட்டுல வைங்க!"

நக்மின் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான்.

"வாங்கம்மா. போய்ப் பாப்போம்."

*

ஹெநுத்தின் கணவன் கென்னா பாயில் சாய்ந்திருந்தான். இடது காலில் பெரிய கட்டு. கல்லறைச் சுவர்களில் படம் எழுதுகிறவன். மெலிந்த விரல், நகக்கண்ணில் சிவப்பு மை.

"வாங்க, வாங்க. தேள் கொட்டிருச்சு, எழுந்துக்க முடியல. நாலு நாளா வேலைக்குப் போகல," என்று சிரித்தான். "ஹெநுத், ஐயாமாருக்கு பீர் ஊத்து. வெயில்ல வந்திருக்காங்க."

ஹெநுத் அவனை முறைத்தாள். "இவனுங்களுக்கா? என் கையாலயா?"

பூயா நக்மினின் துணியை இழுத்தான். "தலைவரே, காலைலேந்து இந்த ஊர்ல நம்ம மேல துப்பாத ஒரே ஆளு. எனக்கு இது சரியாப் படல."

சொல்லிக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தான். குதிகால் சரியாகக் கென்னாவின் கட்டுப்போட்ட பாதத்தில் இறங்கியது. முழு எடையோடு.

கென்னா பீர்க் குவளைக்குக் கை நீட்டியபடி இருந்தான். ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம் ஆனது. பிறகுதான், "ஐயோ!" என்றான்.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. உங்களுக்கு வலி சுத்து வழில வருது போல."

நக்மின் அதற்குள் சுவருக்குப் போயிருந்தான். இங்கே நின்ற பேஸ் வேறு சாதி. கோடு ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் இழுத்தது. பிடரி முடி ஒவ்வொன்றும் தனித்தனி. நெஞ்சுக்குக் கீழே தெரியாதபடி ஒரு பெரிய தானியச் சால் சுவரை அடைத்து நின்றது.

"எங்கப்பா எழுதினது," என்றான் கென்னா. "இந்த ஊர்லயே நல்ல பேஸ்."

மேலே நக்மினுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. பழைய மை, பழைய புகை. சாலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. பூயா அதற்குள் தலையை நுழைத்தான். அவன் கண் இருக்கிற உயரத்தில், சாமியின் இடது முஷ்டி.

"அட, பாவி," என்று அவன் குரல் சாலுக்குப் பின்னாலிருந்து வந்தது. "என் வேலைக்கு உலை வெச்சுட்டானே!"

"என்னடா?"

"பாம்பு தலைவரே. மூணு துண்டா வெட்டிக் கெடக்கு. ஒவ்வொரு துண்டுலயும் சின்னதா ஒரு கத்தி வேற சொருகி வெச்சிருக்கு. நான் முப்பது வருஷமா இந்த மூஞ்சியோட திரியறேன். ஊர் ஊரா பொம்பளைங்க என்ன இவருக்குப் பக்கத்துல நிக்க வெச்சு ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. செத்த பாம்பக் கையில வெச்சுக்கிட்டு வீரம் காட்டற பேஸ இப்பத்தான் பாக்கறேன்."

"உளறாதடா குட்டையா," என்றாள் ஹெநுத். "எங்க மாமா எழுதினது முழுப் பாம்பு. கல்யாணம் ஆகி வந்த நாள்லேந்து பாக்கறேன். நெளியும், கண்ணுல தீ இருக்கும். ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

அவள் சாலைக் கட்டிப்பிடித்து ஒரே இழுப்பில் நகர்த்தினாள்.

பார்த்தாள்.

குனிந்து விரலால் தொட்டாள். ஒரு கை அகலத்துக்குப் பூச்சு புதிது. மை புதிது. கோடு மாமனாருடையது மாதிரியே இருந்தது, ஆனால் பாம்பு மூன்று துண்டாகக் கிடந்தது.

"கல்லறைக்குள்ள எழுதற பாம்ப எல்லாம் வெட்டித்தான் எழுதுவாங்க," என்றான் நக்மின், யாருக்கும் சொல்லாத மாதிரி. "முழுசா விட்டா ராத்திரில சுவத்த விட்டு எறங்கி, படுத்திருக்கற ராஜாவக் கொத்திரும். படம் எழுதற பையனுக்கு முதல் நாளே அதத்தான் சொல்லிக்குடுப்பாங்க. பாம்பு எழுதினியா, கத்தியச் சொருகு. வீட்டுச் சாமி கதை வேற. இவரு கையில பாம்பு உயிரோட இருக்கணும். அதப் புடிச்சு நெரிக்கறதுதான் இவரு உத்யோகம். நெபாம் கல்தச்சன், தூரிகை புடிச்சுப் பழகாதவன், அவன் வீட்ல பாம்பு நெளியுது. இருபது வருஷம் சவ அறைக்குள்ள எழுதின கை, அவசரத்துல ஓட்டைய அடைச்சு, ஓட்டைமேல பூசி, அழிஞ்சுபோன பாம்பத் திரும்ப எழுதியிருக்கு. மனசு தங்கத்துமேல. கை அது பாட்டுக்கு வழக்கத்தப் பண்ணிருச்சு."

கென்னா சிரிப்பை விடவில்லை. "ஒரு பாம்ப வெச்சு என்னக் கழுவேத்தப் போறீங்களா தலைவரே? துப்பு நெபாம் வீட்டச் சொல்லுது."

"துப்பு எழுத்துல வந்துச்சு. இந்த வரிசைல இன்னிக்கு எழுதத் தெரிஞ்ச ஆம்பள நீ ஒருத்தன்தான் வீட்ல இருக்க. நாளைக்கு சோதனை. தங்கத்த வெளிய எடுத்துட்டுப் போக வழியில்ல. அதனால சுவர உன் பக்கத்துலேந்து கொடைஞ்சு, அந்தப் பக்கத்துப் பூச்சு ஓடு மட்டும் நிக்கிற வரைக்கும் கொடைஞ்சு, உள்ள வெச்சுட்ட. நாங்க அந்தப் பக்கத்துலேந்து ஒடைச்சா தங்கம் அங்க விழும். கழுமரம் நெபாமுக்கு."

"எனக்கு இதெல்லாம் வேணாம்." ஹாப்பு வாசலில் நின்றார். "பாம்பு கீம்புன்னு மந்திரிகிட்ட நான் சொல்ல முடியாது. தங்கத்த எடு. அந்தப் பக்கம் ஒரே அடில விழும், அதான் சுருக்கு. சூரியன் எறங்கிருச்சு."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தகாத் அலறினாள். ஹெநுத்தின் தலை நாய் மாதிரி நிமிர்ந்தது. அது பயத்தின் அலறல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கணவனைப் பார்த்தாள்.

"அந்தக் கல்லுல எழுதினது நீயா?"

கென்னா கட்டுப்போட்ட காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அவ ரெண்டு புள்ளையையும் நான்தான் துணில சுத்தினேன்," என்றாள் ஹெநுத். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு நக்மினிடம் திரும்பினாள். "இங்கேந்து ஒடை. இங்கேந்து மட்டும் ஒடை. அந்தப் பக்கம் சம்மட்டி எடுத்தவன் எவனா இருந்தாலும் நான் அவன் தலைல எறக்குவேன்."

"இங்கேந்து தங்க மூட்டைய உருவினா அந்தப் பக்கத்து ஓடு நிக்காதும்மா. தாங்கறதுக்கு ஒண்ணுமில்ல. சாமி மூஞ்சி கீழ விழுந்துரும்."

ஹெநுத் பூயாவின் பிடரியைப் பிடித்தாள்.

"இவன் புடிச்சுக்குவான்."

"நானா? பிரசவ அறைக்குள்ளயா? ஆம்பள போகக்கூடாதே அக்கா!"

"ஒன்ன எவ ஆம்பளன்னு சொன்னா? நீ சாமி மூஞ்சி. வாடா."

*

பூயா மேடைமேல் ஏறி நின்றபோது பேஸின் முகம் சரியாக அவன் முகத்துக்கு நேர் வந்தது. இரண்டு உள்ளங்கையையும் சாமியின் இரண்டு கன்னத்தில் பதித்தான். ஆட்டுக்கொழுப்பு வழுக்கியது.

"கண்ணு சுவத்துல இருக்கட்டும்," என்றாள் ஹெநுத் பின்னாலிருந்து. "திரும்பின, குருடாக்கிருவேன்."

தகாத் பின்னால் பிரசவச் செங்கல்மேல் குந்தியிருந்தாள். அவள் மூச்சு மட்டும் கேட்டது. தெருப் பெண்கள் இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்திருந்தார்கள். வாசலில் இன்னும் நாலு பேர் ஹாப்புவையும் சம்மட்டிக்காரர்களையும் நகரவிடாமல் சுவராக நின்றார்கள். எழுத்தர் ஏதோ சொல்லிப் பார்த்தார். ஒருத்தி உலக்கையைத் தரையில் ஊன்றினாள். எழுத்தர் அடுத்த வீட்டுக்கே போய்விட்டார்.

சுவருக்குள் சுரண்டல் சத்தம். நக்மினின் உளி. ஒவ்வொரு தட்டும் பூயாவின் பல்லில் வந்து தட்டியது.

"பூயா, இருக்கியா?" செங்கல் வழியாக நக்மினின் குரல்.

"எங்க போறது தலைவரே? கைய எடுத்தா சாமி விழுவாரு. திரும்பினா கண்ணு போயிரும்."

"மூட்டைய உருவறேன். புடி."

பாரம் ஒரேயடியாகக் கைக்கு வந்தது. விரலளவு கனமுள்ள களிமண் ஓடு, பின்னால் ஒன்றுமே இல்லாத ஓடு, அவன் கையில் மூச்சு விடுகிற மாதிரி ஆடியது. நெற்றியிலிருந்து தாடிவரை ஒரு விரிசல் ஓடியது. இடது காது கழன்று மேடையில் விழுந்து தூளானது. நடு நெற்றி முன்னால் சரிந்தது. பிடிக்க மூன்றாவது கை இல்லை. பூயா தன் நெற்றியைக் கொண்டுபோய் அதில் முட்டினான். மூக்கோடு மூக்கு, இரண்டு பேரும் ஒரே முகத்தோடு நின்றார்கள்.

அந்தப் பக்கம் ஹாப்புவின் குரல் கிறீச்சிட்டது. "தங்கம்! ராணியோட பேரே இருக்கு பாரு, தகட்டுல!"

ஏதோ உடைந்தது. ஆள் ஓடுகிற சத்தம். தேள் கொட்டிய கால் நன்றாகவே ஓடியது, வாசல்வரை. பிறகு தடியடி, இழுபடுகிற சத்தம், தெருவில் கென்னாவின் குரல்.

"ஹெநுத்! ஹெநுத்! எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லுடி! நான் நாலு நாளா படுத்தே கெடந்தேன்னு சொல்லு!"

பூயா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலை தெரியுது," என்றாள் ஹெநுத். குரல் கொஞ்சங்கூட மாறவில்லை. "மூச்ச விட்டுட்டுத் தள்ளு. என்னப் பாரு. அங்க என்ன பார்வை? என்னப் பாருடி. தள்ளு."

"ஹெநுத்! ஹெநு..." குரல் ஊர்வாசலைத் தாண்டித் தேய்ந்தது.

"இன்னொரு தடவ. அவ்வளவுதான். வா, வா, வா."

சின்னதாக ஒரு தும்மல் மாதிரி கேட்டது. பிறகு ஒரு அழுகை, கோபமான அழுகை, கூரைமேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் எழுந்து பறக்கிற அளவுக்கு.

"பொண்ணு," என்றாள் ஹெநுத்.

கொஞ்ச நேரம் கழித்துத் தகாத்தின் குரல், வற்றிப்போய், "சாமி?" என்றது.

"இருக்காரும்மா," என்றான் பூயா சுவரிடம். "ஒரு காது போச்சு."

"கண்ணு?"

"ரெண்டும் இருக்கு. கோணலா."

"அது அவரு எழுதினது." அவள் மூச்சு வாங்கினாள். "அவர விட்ருவாங்களா?"

சுவருக்குள்ளிருந்து நக்மின் பதில் சொன்னான். பொந்தில் செங்கல்லையும் சேற்றையும் திணித்துக்கொண்டே பேசினான். "ஆள் போயிருக்கும்மா. இருட்டறதுக்குள்ள கழுதைல கொண்டுவந்து விட்ருவாங்க. ஒரு மாசம் நடக்க முடியாது."

"நடக்க முடியாம பண்ணினது யாரு?"

சேறு அப்புகிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

பூயாவுக்குத் தோள் மரத்துப்போயிருந்தது. நெற்றியில் வழிந்த வியர்வை சாமியின் மையைக் கரைத்துக் கண்ணில் இறங்கியது. கையை எடுக்கலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கிற துணிச்சலும் இல்லை.

ஹெநுத் வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சட்டி. வைக்கோல் போட்டு மிதித்த களிமண். மேடையில் ஏறி அவனருகில் மண்டியிட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த விரல எடு."

எடுத்தான். அந்த இடத்தில் மண்ணை அப்பி, கட்டைவிரலால் விரிசலுக்குள் திணித்தாள்.

"இப்ப இது. இப்ப அது. நெத்திய எடுக்காத, சொல்றப்ப எடு."

ஒவ்வொரு விரலாக அவனைச் சுவரிலிருந்து பிரித்தாள். குழந்தையை வாங்கிய கை, மெதுவாகத்தான் வேலை செய்தது. கடைசியில் அவன் நெற்றிக்கும் சாமியின் நெற்றிக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்து, "ம்," என்றாள். பூயா விலகினான். பேஸ் நின்றார். ஒரு காதில்லாமல், முகமெல்லாம் ஈர மண்ணோடு, நாக்கை நீட்டிக்கொண்டு.

பூயா இறங்கினான். தகாத் துணியில் சுற்றிய குழந்தையை மார்போடு வைத்துக்கொண்டு அவனைத் தாண்டி சுவரையே பார்த்தாள். ஒரு நன்றியும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம் என்றிருந்தது அவனுக்கு.

வாசலில் ஹெநுத்தைத் தாண்டும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, உங்க வீட்டுச் சுவரு..."

அவள் சட்டியின் விளிம்பில் கையைத் துடைத்தாள். முழங்கைவரை ரத்தமும் மண்ணும்.

"எங்க வீட்டுச் சுவத்துல இப்ப ஒரு சாமி கொறையுது," என்றாள். "இந்தத் தெருவுல இன்னொரு தடவ கண்ணுல பட்ட, உன்ன நிக்க வெச்சு மண்ணு பூசிருவேன்."

பூயாவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. நல்ல பதில். அவள் கண்ணைப் பார்த்தான், அதை விழுங்கிவிட்டு வெளியே நடந்தான்.